ஏழு வருடம் ஒயரிங் செய்தவருக்கு ‘எச்’ (H) சான்றிதழ் எதற்கு?

கேள்வி: எனக்கு 28 வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது முடித்தேன், பிளஸ் டூவில் பாதியில் நின்றுவிட்டேன். சித்தப்பாவோடு ஏழு வருடமாக வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறேன். நாள் கூலி 900 ரூபாய். ஐ.டி.ஐ. படிக்கவில்லை. எனக்கும் சித்தப்பாவுக்கும் எந்த லைசென்ஸும் கிடையாது. புது சர்வீஸ் வாங்கும்போது டவுனில் ஒரு கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார். இத்தனை வருடத்துக்குப் பிறகு சான்றிதழ் எடுத்து என்ன ஆகப்போகிறது என்கிறார் சித்தப்பா. ஈ.பி.யில் சேர ஆசை, வழி உண்டா? ஒரு இன்ஜினியர் பாயிண்டுக்கு (ஒரு லைட், ஃபேன் அல்லது பிளக் இணைப்புக்கு) 300 ரூபாய் என்று ஒரு வீட்டைத் தனியாகத் தருவதாகச் சொல்கிறார், எடுக்கலாமா? மச்சான் கத்தாருக்கு வரச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்:

தம்பி, நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான்கும் ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன. உங்களுக்கு வேலை தெரியும், ஆனால் தெரியும் என்று அரசாங்கம் எழுதித் தந்த ஒரு தாள்கூட உங்களிடம் இல்லை. இன்றைக்கு ஊருக்குள் யாரும் அதைக் கேட்பதில்லை. ஊரை விட்டு வெளியே கால் வைத்தால் முதலில் கேட்பதே அதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம், சித்தப்பாவிடம் சொல்லவும் அது உதவும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டிய எந்த ஒயரிங் வேலையும், அது ஏற்கெனவே உள்ள லைனில் ஒன்றைக் கூட்டுவதாக இருந்தாலும் சரி, மாநில அரசின் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் உள்ள சூப்பர்வைசரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நீங்கள் ஏழு வருடமாகச் செய்யும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. வீடு எரிந்தாலோ யாருக்காவது ஷாக் அடித்தாலோ விசாரணைக்கு வருகிறவர் முதலில் தேடுவது டெஸ்ட் ரிப்போர்ட்டில், அதாவது புது சர்வீஸுக்காக ஒயரிங் சரி என்று ஈ.பி.க்குத் தரும் தாளில், கையெழுத்துப் போட்டவரை. அவர் அடுத்த நிமிடமே உங்கள் பெயரைச் சொல்வார். அப்போது உங்கள் கையில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

நம் மாநிலத்தில் இந்தச் சான்றிதழ்களைத் தருவது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். படி மூன்று. எச் என்பது ஒயர்மேன் ஹெல்பர். பி என்பது ஒயர்மேன். சி என்பது சூப்பர்வைசர். இதற்கு மேலே கான்ட்ராக்டர் லைசென்ஸ், அதிலும் ஈ.ஏ. உள்ளிட்ட பல தரம் உண்டு. கான்ட்ராக்டர் லைசென்ஸுக்கு சான்றிதழ் உள்ள ஆட்களைக் காட்ட வேண்டும், மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) மாதிரி கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும், பண வசதிக்கும் சான்று வேண்டும். அது உங்களுக்கு இப்போதைக்கு இல்லை, அதை விடுங்கள்.

உங்களுக்கானது எச். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதற்கென்று ‘மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு’ நடத்துகிறது, இடம் அரசு ஐ.டி.ஐ.க்கள். 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் தொழிலில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. அறிவிப்பு பேப்பரில் இரண்டாம் பக்கத்து மூலையில் கலெக்டர் செய்திக்குறிப்பாக வந்துவிட்டுப் போய்விடும், பார்ப்பவர்கள் குறைவு. அதனால் விருதுநகரில் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய், அடுத்த தேர்வு எப்போது, என்னென்ன சான்று வைக்க வேண்டும் என்று கேட்டு வந்துவிடுங்கள்.

அனுபவச் சான்று யாரிடம் வாங்குவது என்று குழப்பம் வரும். சித்தப்பா எழுதித் தருவது செல்லாது. இத்தனை வருடம் உங்கள் வேலைக்குக் கையெழுத்துப் போட்டு வருகிறாரே டவுன் கான்ட்ராக்டர், அவரிடம் போங்கள். அவருக்கும் இதில் லாபம் உண்டு. தன் பெயரில் போகும் வேலையைச் செய்பவர் சான்றிதழ் உள்ளவராக இருந்தால் அவருக்குத்தான் பாதுகாப்பு. முகம் சுளித்தால் வேறு ஒருவரிடம் ஆறு மாதம் கூட நின்று வேலை பார்த்தாவது முறையாக வாங்குங்கள். காசு கொடுத்தால் எந்தக் கம்பெனி லெட்டர்பேடிலும் அனுபவம் அடித்துத் தருகிற ஆட்கள் நம் ஊரில் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தேர்வுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கை தானாகச் செய்வதை வாயால் சொல்லவும் தெரிய வேண்டும். ஏசிக்கு ஏன் 4 ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) ஒயர் இழுக்கிறோம், எர்த் பைப் எதற்கு, 1,500 வாட் கீசர் எத்தனை ஆம்பியர் எடுக்கும், மெகர் வைத்துப் பார்த்தால் இன்சுலேஷன் எவ்வளவு இருக்க வேண்டும் (500 வோல்ட்டில் ஒரு மெகா ஓம் குறைந்தபட்சம்) என்று யாராவது கேட்டால் திணறாமல் பதில் வர வேண்டும். ஐ.டி.ஐ. முதல் வருட எலக்ட்ரீஷியன் புத்தகம் தமிழிலேயே கிடைக்கும். இரவில் அரை மணி நேரம் போதும்.

எச் வாங்கியதும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் நீங்களே கையெழுத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்த அதிகாரம் அதற்கு இல்லை. சான்றிதழ் உள்ள ஒருவரின் கீழே முறையாக வேலை செய்யலாம், ஒரு கான்ட்ராக்டரின் ஆள் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும். அரசுக் கட்டடம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று டெண்டர் வேலை எடுப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் தேவை. பெரிய மாற்றம் அங்கிருந்து தொடங்கும்.

அடுத்தது ஈ.பி. இங்கே நேராகச் சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில் உங்களுக்குக் கதவு மூடியிருக்கிறது. கேங்மேன் வேலைக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்று எடுத்து, 2021இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். அந்த மாதிரி இன்னொரு வாய்ப்பு வரும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2020இல் கள உதவியாளர் 2,900 இடம் என்று அறிவித்ததை 2022இல் ரத்து செய்துவிட்டு, ஆள் எடுக்கும் பொறுப்பை டி.என்.பி.எஸ்.சி.யிடம் கொடுத்தார்கள். 2025இல் டி.என்.பி.எஸ்.சி. கள உதவியாளர் (பயிற்சி) 1,794 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. சம்பளம் 18,800 ரூபாயில் தொடங்கும், அதோடு படிகள் தனி. நல்ல வேலைதான். ஆனால் அதற்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் போன்ற பிரிவின் சான்றிதழ் கட்டாயம்.

28 வயதில், வீட்டில் வருமானத்தை விட்டுவிட்டு இரண்டு வருடம் ஐ.டி.ஐ.யில் உட்கார முடியுமா? முடிந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. தொழில் அனுபவம் உள்ளவர்கள் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அறிவிப்பு இதே பயிற்சித் துறையிலிருந்துதான் வரும். முதல்நிலைத் தேர்வு ஒன்று வைத்து வடிகட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். பாஸ் செய்துவிட்டால் ஐ.டி.ஐ.யில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். பி சான்றிதழுக்கான வாசலும் அதில்தான் திறக்கிறது. எச் தேர்வுக்காக விருதுநகர் போகும்போது இதையும் சேர்த்தே விசாரியுங்கள். ஈ.பி. கிடைக்கிறதோ இல்லையோ, அந்தச் சான்றிதழ் வீண்போகாது. ரயில்வேயில் டெக்னீஷியன், அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைகளுக்கும் அதுதான் நுழைவுச் சீட்டு.

இனி அந்தப் பாயிண்ட் வேலை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இது. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைக் கணக்குப் போடாமலே ஒப்புக்கொண்டு, வீடு முடிந்த பிறகு கை பிசைவார்கள்.

ஆயிரம் சதுர அடி வீடு, 70 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். 300 வீதம் 21,000 ரூபாய். கேட்கும்போது நிறைவாக இருக்கும். வேலை நான்கு கட்டமாக வரும்: தளம் போடும்போது பைப் போடுவது, சுவரைக் காடி எடுத்துப் பைப்பும் பெட்டியும் வைப்பது, ஒயர் இழுப்பது, கடைசியில் ஃபிட்டிங். நான்கையும் கூட்டினால் நீங்களும் ஒரு ஹெல்பரும் சேர்ந்து 16 நாள் என்று வையுங்கள். ஹெல்பருக்கு நாள் 600, அது 9,600. கட்டிங் பிளேடு, டிரில் பிட், பெட்ரோல் 1,000. உங்களுக்கு மிஞ்சுவது 10,400. பதினாறால் வகுத்தால் நாளைக்கு 650 ரூபாய். இப்போது சித்தப்பா தரும் 900த்தை விடக் குறைவு, பொறுப்பு மட்டும் முழுவதும் உங்கள் தலையில்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேட்டைக் கூட்டிக் கேட்பதற்கு முன்னால் எதை எத்தனை பாயிண்டாக எண்ணுவது என்று பேசுங்கள். ஏசி, கீசர், மோட்டார், கிரைண்டர் மாதிரி பவர் பாயிண்ட் பத்து இருந்தால் ஒவ்வொன்றையும் இரண்டாகக் கணக்கிடச் சொல்லுங்கள். டி.பி. பெட்டிக்கு, அதாவது வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டிக்கு, ஐந்து பாயிண்ட் கேளுங்கள். இது ஊரில் நடக்கிற வழக்கம்தான், நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. அந்த 70, 85 ஆகிவிடும். ரேட் அதே 300 என்றாலும் 25,500 வரும், செலவு போக உங்களுக்கு 14,900, நாளைக்கு 930 சொச்சம். அதற்கு மேல் பாயிண்டுக்கு 350 வாங்க முடிந்தால் தனியாக எடுத்ததற்கு அர்த்தம் உண்டு.

பணத்தையும் நான்கு கட்டமாகப் பிரித்து வாங்குங்கள். ஃபிட்டிங் முடியும்போது பாக்கி சின்னதாக இருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்காரர் கை காய்ந்து போயிருப்பார், பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்துவிட்டு உங்களிடம் ‘தை முடியட்டும் தம்பி’ என்பார். அப்புறம், இடையில் வீட்டம்மா வந்து பூஜை அறையில் ஒரு பிளக், மாடிப்படியில் ஒரு லைட் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைக்காரரிடம் சாமானுக்குக் கமிஷன் வாங்கும் பழக்கம் வேண்டாம். எல்லோரும் வாங்குகிறார்கள், எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கும் ஒருநாள் தெரியும்.

வருடத்தை மொத்தமாகப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புது வீடு குடிபோக மாட்டார்கள். ஆவணிக்கும் தைக்கும் முந்தின நாட்களில் ஒரே சமயத்தில் நாலு வீடு இழுக்கும். நாள் கூலிக்காரருக்கு மாதம் சராசரி 20 நாள் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். 900 வீதம் மாதம் 18,000. மில்லிலோ கம்பெனியிலோ கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாகப் போனால் 15,000 முதல் 20,000 வரைதான் சொல்வார்கள், ஆனால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இருக்கும், மழைக்காலத்திலும் சம்பளம் வரும். எந்தப் பக்கம் போனாலும் வெறும் ஒயரிங்கில் உயரம் இவ்வளவுதான். மேலே ஏற வேண்டுமென்றால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் முதலில் சொல்வது ஆர்.சி.சி.பி., கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் கருவி. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் இந்தக் கருவி வைப்பது இப்போது விதி. ஊரில் என்ன நடக்கிறது? மழை பெய்தால் டிரிப் ஆகிறது, வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், போன ஆள் அதை பைபாஸ் செய்துவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். டிரிப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கும். அல்லது இரண்டு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் ஒரே பாரில் கலந்திருக்கும். அல்லது மோட்டார் கேபிள் ஈரம் குடித்திருக்கும். மெகர் ஒன்றும் டாங் டெஸ்டர் (ஒயரை வெட்டாமல் கரண்டை அளக்கும் மீட்டர்) ஒன்றும் வாங்கி, சர்க்யூட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிப் பழகுங்கள். சுவர் உடைக்காமல் இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு ஒரு நாள் கூலியைத் தயங்காமல் தருவார்கள். அக்கம்பக்கத்திலும் சொல்வார்கள்.

அடுத்தது சோலார். உங்களுக்குப் பக்கத்திலேயே கமுதியில் 648 மெகாவாட் நிலையம் இருக்கிறது, 2016இல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு சோலார் என்றால் அங்கே வேலை என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்ட இடங்களில் கட்டும்போதுதான் கூட்டமாக ஆள் வேண்டும், பிறகு பராமரிப்புக்குச் சிலர் போதும். உங்களுக்கான வேலை வீட்டு மாடியில். 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருப்பதால் மதுரை, விருதுநகர் பக்கமெல்லாம் மாடியில் பேனல் ஏறுகிறது. பதிவு பெற்ற நிறுவனம்தான் ஆர்டர் எடுக்க முடியும், பொருத்துவதற்கு அவர்களுக்கு ஆள் வேண்டும். ஒரு நிறுவனத்தோடு நான்கைந்து வீடு கூடப் போனால் பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டி.சி. பக்கம், அதாவது பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை, நமக்குப் பழக்கமான ஏ.சி. மாதிரி நடந்துகொள்ளாது. லோடில் இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி அணையாமல் இழுத்துக்கொண்டே நிற்கும். வெயில் அடிக்கும்வரை பேனலில் கரண்ட் இருக்கும், மெயினை ஆஃப் செய்தாலும் இருக்கும்.

மூன்றாவது மோட்டார் பேனல். அருப்புக்கோட்டை, ராஜபாளையம் மில்களில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரும் (பெரிய மோட்டாரை மெதுவாகக் கிளப்புவது) வி.எஃப்.டி.யும் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை உண்டு. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. உங்கள் மாவட்டத்திலேயே இ. குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் வாசலிலேயே சான்றிதழ் கேட்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கத்தார் விஷயத்தில் மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அங்கே 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால், தங்க இடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300. சான்றிதழ் இல்லாதவருக்கு இதை ஒட்டித்தான் கிடைக்கும். இங்கே நீங்கள் வாங்குவதோடு ஒப்பிட்டால், குடும்பத்தைப் பிரிந்து போகும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதிலும் ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துப் போனால் முதல் வருடம் அந்தக் கடனுக்கே போய்விடும். பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். போவதாக முடிவெடுத்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். பத்தாவது பாஸ் என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படாது, அந்த வசதியை வைத்து விசிட் விசாவில் ஏற்றிவிடப் பார்ப்பவர்கள் உண்டு, ஏறாதீர்கள். என் யோசனை, எச்சும் தேசியச் சான்றிதழும் கையில் வந்த பிறகு போங்கள். அப்போது எலக்ட்ரீஷியன் என்றே விசா அடிக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

சித்தப்பாவுக்கும் ஒரு விஷயம். எச் தேர்வுக்கு வயது உச்சவரம்பு கிடையாது. தாராளமாக அவரும் எழுதலாம். ‘உனக்கு எதுக்குடா இது’ என்று கேட்பவரை ‘வாங்க, சேர்ந்தே எழுதுவோம்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டைச் சொல்லி முடிக்கிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியனும் பதிவு செய்யலாம். விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று பலது இருக்கிறது. இந்த மாதமே பதிவு செய்யுங்கள், புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, ஊரில் கரண்ட் போனால் ‘நீதானப்பா எலக்ட்ரீஷியன், டிரான்ஸ்பார்மர்ல ஃப்யூஸ் போட்டு விடு’ என்று கூப்பிடுவார்கள். லைன்மேனே போனில் ‘அந்தத் தம்பியைப் போடச் சொல்லுங்க’ என்பதும் நடக்கிறது. போகாதீர்கள். யாராவது வீட்டில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ தப்பாக இணைத்திருந்தால் ஆஃபாக இருக்கும் லைனிலும் கரண்ட் திரும்பி வரும். விழுந்தால் உங்கள் வீட்டுக்கு நஷ்ட ஈடு கேட்கக்கூட இடமிருக்காது, அனுமதியில்லாமல் ஏறியவர் என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். கூப்பிடுபவர் மாமாவாக இருந்தாலும் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாலும், மின்னகம் 94987 94987க்கு அவர் முன்னாலேயே போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை அவர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.